மூன்று பைகளில் ஒரு டாங்கி

போன ஞாயிற்றுக்கிழமை என்னை இராணுவம் பிடித்துவிட்டது.

பதற வேண்டாம். விட்டும்விட்டார்கள். விடாமல் இருந்திருந்தால் இந்த வாரம் இந்த இடத்தில் சமையல் குறிப்புதான் வந்திருக்கும்.

என்ன குற்றம்? டாங்கி கடத்தியது. துப்பாக்கி இல்லை, கைக்குண்டு இல்லை... டாங்கி. அதுவும் இடியப்பத்தோடு.

முதலிலிருந்தே சொல்கிறேன்.

இந்தப் பத்தியை வாராவாரம் வாசிக்கிறவர்களுக்கு என் வீரம் தெரியும். இனக் கலவரத்தின்போது சுவர் அலுமாரிக்குள் ஒளிந்து உயிர் தப்பியவன் நான். அன்றிலிருந்து தெருவில் பட்டாசு வெடித்தாலும் சரி, பக்கத்து வீட்டில் குக்கர் விசிலடித்தாலும் சரி, என் கண் முதலில் அலுமாரியைத்தான் தேடும். வாடகைக்கு வீடு பார்க்கப் போனால் மற்றவர்கள் தண்ணீர் ஒழுங்காக வருமா என்று கேட்பார்கள். நான் அலுமாரிக் கதவைத் திறந்து, உள்ளே ஓர் ஆள் குந்தி இருக்கலாமா என்று அளந்து பார்ப்பேன்.

இப்படிப்பட்டவனுக்கு டாங்கி எதற்கு?

லண்டனிலிருந்து வந்த என் மனைவியின் தம்பி ஒரு பெட்டி கொண்டுவந்து தந்தான். உள்ளே ஒரு பிளாஸ்டிக் டாங்கி கிட். நூற்றுக்கணக்கான குட்டித் துண்டுகள். கம் வைத்து ஒட்டி, நிறம் அடித்து, கண்ணாடி அலுமாரியில் வைத்து அழகு பார்க்க வேண்டியதுதான். ஓடாது.

ஓடாத டாங்கியை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஓடாத சாமான்கள் எங்கள் வீட்டில் ஏற்கெனவே நிறைய இருக்கின்றன. சுவர் மணிக்கூடு, என் மோட்டார் சைக்கிள், மழை நாட்களில் தொலைபேசி... இதையாவது ஓட வைப்போமே என்று தோன்றியது. கயிறு கட்டி இழுத்து அல்ல. ரிமோட்டில்!

விஷயத்தை என் மனைவி வதனியிடம் சொன்னேன். அவளுடைய அக்கா குடும்பம் இன்னும் யாழ்ப்பாணத்தில், சண்டைக்கு நடுவில். கேட்டுவிட்டுப் பெட்டியைத் தள்ளி வைத்தாள்.

"அங்க சனம் இதைக் கண்டா ஓடுது. நீங்கள் இதை ஓட வைக்கப் பாக்கிறியள். உங்களுக்கென்ன விசரே?"

நியாயமான கேள்வி. வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

"நான் நிப்பாட்டினா நிக்கிற டாங்கி ஒண்டாவது இந்த நாட்டில இருக்கட்டுமேயப்பா."

மறுநாள் காலை அவள் தன்னுடைய நகம் தேய்க்கும் அரத்தைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்துவிட்டுப் போனாள். பிளாஸ்டிக் விளிம்பு தேய்க்க அதைவிட நல்ல சாமான் கிடையாது.

அடுத்தது நவ்பர் நானா. அலவத்துகொடையில் வீடு, கண்டி டவுனில் ரேடியோ, டிவி திருத்தும் கடை. என்னைவிட இரண்டு மூன்று வயது கூட, அதனால் எனக்கு அவர் நானா, அதாவது அண்ணன். நான் பேராதனையில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் கிளாக்கர் என்பதால் என்னை அவர் "சேர்" என்பார். மரியாதையாகத்தான் சொல்கிறாரா என்பது பழகி இத்தனை காலமாகியும் எனக்குத் தெரியாது.

பெட்டியைத் திறந்து ஒவ்வொரு துண்டாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"சேர், இது பார்க்கிறதுக்குச் செஞ்ச சாமான். ஓடுறதுக்குச் செஞ்ச சாமான் இல்ல. மோட்டர வச்சீங்கண்டா இந்த பிளாஸ்டிக் ஒரு நாளும் தாங்காது."

"அப்ப விட்டிடுவமா நானா?"

"விடச் சொல்லி நான் சொன்னனா? தாங்காதுண்டுதானே சொன்ன."

இப்படித்தான் ஆரம்பித்தது.

சில்லுகள்தான் முதல் வில்லங்கம். கிட்டைத் தயாரித்தவர்கள் சில்லுகளை ஒட்டத்தான் சொல்லியிருந்தார்கள். ஒட்டினால் எப்படிச் சுற்றும்? ஒவ்வொரு சில்லின் நடுவிலும் துளை போட்டு, மை முடிந்த போல்பொயின்ற் பேனைக் குழாயை வெட்டி உள்ளே செருகி, சைக்கிள் ஸ்போக் கம்பியை அச்சாக விட்டேன். அலுவலகத்தில் யாருடைய பேனை எழுதாமல் போனாலும் என்னிடம் வந்துவிடும். எழுதிக்கொண்டிருந்த பேனைகளும் சில வந்தன... அதைப் பற்றி இங்கே வேண்டாம்.

பிறகு ரிமோட் கார் இரண்டு வாங்கி அவற்றின் வயிற்றைக் கிழித்தோம். மோட்டர், பல்சக்கரம், சர்க்கிட் எல்லாம் அதிலிருந்துதான். காரில் ஒரு மோட்டர் ஓட்டும், மற்றது திருப்பும். டாங்கிக்கு அந்தக் கதை சரிவராது. சில்லுகளைச் சுற்றி ஓடும் இடப்பக்கச் சங்கிலிக்கு ஒரு மோட்டர், வலப்பக்கச் சங்கிலிக்கு ஒன்று. இரண்டும் முன்னே சுற்றினால் டாங்கி நேரே போகும். ஒன்று முன்னே, மற்றது பின்னே என்றால் நின்ற இடத்திலேயே திரும்பும்.

சொல்ல எவ்வளவு லேசாக இருக்கிறது பார்த்தீர்களா?

காரைத் திருப்புவதற்கென்று இருந்த சர்க்கிட் டாங்கியின் பாரம் தாங்காமல் புகைந்தது. நவ்பர் நானா ட்ரான்சிஸ்டரை மாற்றினார். மறுபடி புகைந்தது. அதைவிடப் பெரிய ஒன்றைப் போட்டார். இந்தமுறை சர்க்கிட் தாங்கியது, சங்கிலி அறுந்தது. ரப்பர் சங்கிலியைத் தங்கூசி நூலால் தைத்தோம். மீன் பிடிக்கிற அதே தங்கூசிதான். தைத்தது வதனி. கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டுக்கொண்டு, "இன்னும் என்னென்னத்துக்கு ஊசி எடுக்கவேணுமோ" என்று முணுமுணுத்தபடியே தைத்தாள்.

நிறம்? அங்கேதான் என் புத்திசாலித்தனம். பச்சை அடித்தால் இராணுவ நிறம் என்று பிரச்சினை. மண் போன்ற கபிலம் அடித்தாலும் யாராவது ஏதாவது சொல்வார்கள். யன்னலுக்கு அடித்து மிஞ்சிய இளநீலத்தை அடித்துவிட்டேன். பெட்டிக்குள் ஒட்டுகிற கொடிகளும் சின்னங்களும் ஒரு தாள் நிறைய இருந்தன. ஒன்றையும் ஒட்டவில்லை. நாட்டில் இருக்கிற தரப்புகள் போதாதா? நான் வேறு புதிதாக ஒன்றைத் திறக்க வேண்டுமா?

ஒரு மத்தியானம் எங்கள் ஹோலில் அது ஓடியது. கதிரைக் காலில் முட்டி, பின்வாங்கி, நின்ற இடத்திலேயே திரும்பி, கம்பளத்தில் ஏறி, இறங்கியது. நானும் வதனியும் நவ்பர் நானாவும் தரையில் குந்திக்கொண்டு பார்த்தோம். நானா மெதுவாக "மாஷா அல்லாஹ்" என்றார். ட்ரான்சிஸ்டரைத் தொட்டுப் பார்த்து, சூடில்லை என்று கண்ட பிறகு இன்னொரு தடவை சொன்னார்.

எனக்கு இரண்டு பிள்ளைகள். இரண்டு பேரும் முதல் அடி எடுத்து வைத்த நாட்கள் ஞாபகம் இருக்கின்றன. சத்தியமாகச் சொல்கிறேன், அதற்குக் கொஞ்சமும் குறையாத சந்தோஷம்.

கண்டியில் எங்களைப்போல் விமானம், கப்பல், ரயில் என்று ஒட்டிக்கொண்டிருக்கிற ஆட்கள் கொஞ்சப் பேர் இருக்கிறோம். போன ஞாயிறு டவுனில் ஒரு மண்டபத்தில் எல்லாரும் கூடிக் கண்காட்சி வைத்தோம். போட்டியும் உண்டு. நானா என் பெயரையும் கொடுத்துவிட்டார். டாங்கியைக் கொண்டுபோக வேண்டியதுதான் பாக்கி.

இங்கேதான் என் மூளை வேலை செய்யத் தொடங்கியது. என் மூளை வேலை செய்தால் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும்.

எங்கள் அலுவலகத்தில் என்னோடு வேலை செய்பவர் ஒருவர், ஊர் யாழ்ப்பாணத்தில் கரவெட்டிப் பக்கம். பழுதான ரேடியோ ஒன்றைத் திருத்தக் கொடுக்கப் பையில் கொண்டுபோனார். சோதனைச் சாவடியில் பையைத் திறந்தார்கள். வயரும் பற்றரியும் இருந்தன. அடையாள அட்டையில் பிறந்த இடமும் இருந்தது. அவர் வீட்டுக்குத் திரும்பிவரச் சில வாரங்கள் ஆகின. ரேடியோவுக்கே அந்தப் பாடு என்றால், தூரத்தில் நின்று பொத்தானை அமத்த ஓடுகிற சாமானுக்கு?

ஆகவே நான் ஒரு திட்டம் போட்டேன். டாங்கியை டாங்கியாகக் கொண்டுபோனால்தானே ஆபத்து? கழற்றிவிடுவோம்.

உடம்பு ஒரு ஐஸ்கிரீம் பெட்டிக்குள், வதனியின் துணிப் பையில். பீரங்கி வைத்த தலை அவளுடைய ஹேண்ட்பேக்கில். ரிமோட் துவாயில் சுற்றி என் பையின் அடியில். அதற்கு மேல் சாப்பாட்டுக் கரியர். கரியரின் கீழ்த் தட்டில் பற்றரி. அதை மூடினாற்போல மேலேயே இடியப்பமும் சம்பலும். ரிமோட்டின் அன்ரனாவைக் கழற்றிக் குடைக்குள் வைத்துச் சுருட்டினேன். பஸ்ஸில் தனித்தனி சீட். ஒருவரை ஒருவர் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளக் கூடாது. ஒருவர் மாட்டினால் மற்றவர் "தெரியாது" என்று சொல்ல வேண்டும்.

வதனி எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டாள்.

"முழுசாப் பூட்டி, கையில பிடிச்சுக்கொண்டு போவமப்பா. பாத்த உடன விளையாட்டுச் சாமான் எண்டு விளங்கும்."

பெண்களின் யோசனைகளைப் பற்றி நம்மிடம் ஒரு பழமொழி இருக்கிறதே, அதைச் சொன்னேன். அதை மறுபடி இங்கே எழுதினால் இன்று பகல் சாப்பாடு கிடைக்காது.

கண்டி போகும் வழியில் கெட்டம்பே தாண்டியதும் சோதனைச் சாவடியில் பஸ்ஸை நிறுத்தினார்கள். வழமைபோல எல்லோரும் இறங்கி, ஆண்கள் ஒரு வரிசை, பெண்கள் ஒரு வரிசை. அந்த வரிசைகளில் யாரும் பேசமாட்டார்கள். இருமல் வந்தால்கூட அடக்கிக்கொள்வார்கள்.

என் முறை வந்தது. நல்ல வெயில். ஒரு பொட்டு மேகம் இல்லை. குடையை இறுக்கி அணைத்துக்கொண்டு நிற்கிற ஒருவனைக் கண்டால் யார்தான் அந்தக் குடையைக் கேட்கமாட்டார்கள்? சிப்பாய் வாங்கி விரித்தான். அன்ரனா 'ணங்'கென்று ரோட்டில் விழுந்தது.

அவன் அதை எடுத்து இழுத்தான். நீண்டது. இன்னும் இழுத்தான். இன்னும் நீண்டது. அது அவ்வளவு நீளம் என்பது எனக்கே அன்றைக்குத்தான் தெரியும்.

பையைத் திறந்தார்கள். கரியர், துவாய், துவாய்க்குள் ரிமோட். அதே நேரம் பெண்கள் வரிசையில் ஒரு சத்தம். பெண் சிப்பாய் வதனியின் ஹேண்ட்பேக்குக்குள் கையை விட்டு, டாங்கியின் தலையை பீரங்கியைப் பிடித்து வெளியே தூக்கினாள். யாருடையது என்று கேட்டாள்.

வதனி என் திட்டத்தை ஒரு கணமும் யோசிக்கவில்லை. குடையோடு நிற்கிறாரே, அவர்தான் என்று கையை நீட்டினாள். தன் புருஷன் என்றும் சேர்த்துச் சொன்னாள். நல்ல தெளிவான சிங்களத்தில்.

சனத்தைப் பின்னால் தள்ளினார்கள். இளம் அதிகாரி ஒருவர் வந்தார். மண்மூட்டையின் மேல் என் சாமான்களை வரிசையாக வைத்தார்கள். அன்ரனா, பொத்தான் வைத்த பெட்டி, பீரங்கித் தலை, வயர்கள் தொங்குகிற ஒரு நீல உடம்பு...

அப்போதுதான் எனக்கு உறைத்தது. சேர்த்துப் பார்த்தால் அது ஒரு பொம்மை டாங்கி. பிரித்துப் பார்த்தால்? அதிகாரியின் இடத்தில் நான் நின்றிருந்தால் நானே என்னைப் பிடித்திருப்பேன்.

விளையாட்டுச் சாமான் சேர் என்றேன். விளையாட்டுச் சாமான் என்றால் ஏன் பிரித்து ஒளித்துக் கொண்டுவந்தாய் என்று கேட்டார். பொய் சொல்ல நினைத்தேன். வாய் காய்ந்து கிடந்தது. பொய் சொல்லவும் எச்சில் வேண்டும்.

"பயத்தில் சேர்."

"என்ன பயம்?"

"இப்படி நடந்துவிடும் என்று."

அவர் என்னையும் மண்மூட்டையையும் மாறி மாறிப் பார்த்தார். "அதனால் நீயே நடக்க வைத்தாயா?"

பக்கத்தில் நின்ற சிப்பாய் ஒருவன், குண்டு அகற்றுகிற ஆட்களைக் கூப்பிடவா என்று அவரிடம் கேட்டான். அவர்கள் வந்தால் விசாரிக்கமாட்டார்கள். தூரத்தில் வைத்து வெடிக்க வைப்பார்கள். டாங்கி அங்கேயே தூள். அதற்குப் பிறகு அது பொம்மைதான் என்று நிரூபிக்க என்னிடம் என்ன இருக்கும்? நான் ஜீப்பில்.

அப்போது வதனி அதிகாரியின் முன்னால் வந்து நின்றாள். அவள் சிங்களத்தில் சொன்னதைத் தமிழில் தருகிறேன்.

"சேர், இந்த மனிதர் சொல்வதை நம்ப வேண்டாம். நானே நம்புவதில்லை. அந்த டாங்கியை ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். அது ஓடும்."

அதிகாரி யோசித்தார். பிறகு எல்லோரையும் மண்மூட்டைக்குப் பின்னால் போகச் சொன்னார். நடு ரோட்டில் நான், என் சாமான்கள், கொஞ்சம் தள்ளி வதனி. அவளையும் பின்னால் போகச் சொன்னார்கள். அவள் கேட்காதது போல நின்றாள்.

கரியரைத் திறந்தேன். துப்பாக்கிகள் பார்த்துக்கொண்டிருக்க, இடியப்பத்தை ஒவ்வொன்றாக எடுத்து மூடியில் அடுக்கினேன். ஒரு பயங்கரவாதி இவ்வளவு கவனமாக இடியப்பம் அடுக்குவானா? யாராவது இதை யோசிக்க வேண்டும் என்று கடவுளைக் கேட்டுக்கொண்டேன். பற்றரியை எடுத்துப் போட்டேன். தலையைப் பூட்டினேன். அன்ரனாவைத் திருகினேன்.

பொத்தானை அமத்தினேன்.

ஒன்றும் இல்லை.

மறுபடி அமத்தினேன். ஒன்றும் இல்லை. மண்மூட்டைக்குப் பின்னால் யாரோ துப்பாக்கியைச் சரிசெய்கிற சத்தம். அந்த வெட்டவெளியில் என் கண் ஒரு சுற்றுச் சுற்றி எதைத் தேடியது தெரியுமா? அலுமாரியை.

வதனி வந்து குனிந்தாள். டாங்கியின் மூடியைத் திறந்து பற்றரியை எடுத்துப் பார்த்தாள்.

"சம்பல் பட்டிருக்கப்பா. கொண்டாங்கோ."

சேலைத் தலைப்பால் ஒவ்வொரு முனையையும் அழுத்தித் துடைத்தாள். ஊதினாள். திரும்பப் போட்டாள். "இப்ப பாருங்கோ."

ஓடியது!

கெட்டம்பே ரோட்டில், பகல் வெயிலில், ஓர் இளநீல டாங்கி உறுமிக்கொண்டு புறப்பட்டது. தங்கூசி போட்டுத் தைத்த சங்கிலி, பேனைக் குழாயில் சுழலும் சில்லுகள்... எனக்குக் கண் கலங்கிவிட்டது. கண் கலங்கினால் இடம் வலம் தெரியாது. திருப்ப நினைத்த பக்கம் திரும்பாமல், டாங்கி நேரே அதிகாரியை நோக்கி, பீரங்கியை நீட்டிக்கொண்டு போனது.

பொத்தான்களிலிருந்து கையை எடுத்தேன்.

அவருடைய சப்பாத்துக்கு ஒரு விரற்கடை தூரத்தில் டாங்கி நின்றது.

அதிகாரி மெதுவாகக் குந்தினார். தலையைச் சரித்து டாங்கியின் பக்கவாட்டைப் பார்த்தார். விரலால் ஒரு சில்லைத் தட்டினார். அடுத்ததைத் தட்டினார்.

"எல்லாச் சில்லும் சுற்றுகிறதே. கடையில் வாங்கும்போதே இப்படியா?"

வாசகர்களே, அந்த டாங்கியை அதுவரை எத்தனையோ பேர் பார்த்துவிட்டார்கள். அயலவர்கள், அலுவலக நண்பர்கள், என் சொந்தப் பிள்ளைகள். எல்லோரும் பீரங்கியைத்தான் பார்த்தார்கள். குனிந்து சில்லைப் பார்த்த முதல் ஆள் இவர்தான். கைது செய்யப்படும் நிலையில் இருக்கிறேன் என்பதை அப்படியே மறந்துவிட்டேன். துளை போட்டது, குழாய் வெட்டியது, ஸ்போக் கம்பி, புகைந்த ட்ரான்சிஸ்டர் என்று என் அரைகுறைச் சிங்களத்தில் அவருக்கு ஒரு விரிவுரையே நடத்தினேன். வதனி இரண்டு தடவை என் சேர்ட்டைப் பிடித்து இழுத்தாள். நான் நிறுத்தவில்லை.

பிறகு அவர் ரிமோட்டைக் கேட்டார். ஓட்டினார். என்னைவிட நன்றாகவே ஓட்டினார் என்பதை ஒப்புக்கொள்ள எனக்குக் கொஞ்சம் கஷ்டமாக இருக்கிறது. மூட்டையிலிருந்து கொட்டியிருந்த மணல் குவியலில் ஏற்றினார். முக்கி முனகி ஏறி, உச்சியில் ஒரு கணம் தயங்கி, மறுபக்கம் இறங்கியது. பிளாஸ்டிக் தாங்காது என்றாரே நவ்பர் நானா... அந்த இடத்தில் அவர் இல்லையே என்று எனக்குப் பெரிய மனக்குறை. சிப்பாய்கள் வெளியே வந்தார்கள். ஹேண்ட்பேக்கில் கைவிட்ட பெண் சிப்பாயும் ஒரு தடவை கேட்டு வாங்கி ஓட்டினாள். வரிசையில் நின்ற சனம் சிரித்தது. அந்தச் சாவடியை எத்தனையோ தடவை கடந்திருக்கிறேன். அங்கே ஒரு சிரிப்புச் சத்தத்தை அன்றைக்குத்தான் கேட்டேன்.

அனுப்பும்போது அதிகாரி ஒன்று சொன்னார். இனிமேல் முழுதாகப் பூட்டி, கையில் பிடித்துக்கொண்டு வா. பார்த்தவுடன் விளையாட்டுச் சாமான் என்று விளங்கும்.

வதனி பஸ்ஸில் எனக்குப் பக்கத்து சீட்டில் வந்து உட்கார்ந்தாள். டவுன் வரும்வரை ஒன்றும் பேசவில்லை. பேசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

பயம் ஒரு விசித்திரமான மெக்கானிக். நன்றாக இருக்கிற சாமானைக் கழற்றிக் கழற்றியே வெடிகுண்டு ஆக்கிவிடும். என் பயத்தைப் பார்த்து நானே சிரிக்கிறேன், நீங்களும் சிரியுங்கள். ஆனால் அந்த அலுவலக நண்பரை நினைத்தால் சிரிப்பு பாதியில் நின்றுவிடுகிறது. அவரிடம் இருந்தது பழுதான ரேடியோ. பாடிக் காட்டு என்று யாராவது கேட்டிருந்தாலும் அது பாடியிருக்காது. என்னுடையது ஓடியது. அவ்வளவுதான் வித்தியாசம்.

கண்காட்சியில் என் டாங்கிக்கு மூன்றாமிடம். முதலிடம் ஒரு போத்தலுக்குள் செய்த பாய்க்கப்பலுக்கு. நவ்பர் நானாவுக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டுமே.

"மூணாமிடமா? அந்தக் கப்பல் ஓடுமா சேர்? போத்தல விட்டு வெளியவாவது வருமா? போய் ஜட்ஜ்மாருக்கிட்ட கேளுங்களேன்."

நான் கேட்கவில்லை. எனக்கு ஒரு கவலையும் இல்லை. கப்பலைப் பார்த்துப் புள்ளி போட்டவர்கள், கண்ணாடி போட்ட மூன்று பெரியவர்கள். என்னுடைய டாங்கியை நிறுத்தி, திறந்து, குந்தியிருந்து பார்த்து, மணலில் ஏற்றி இறக்கி, பாஸ் பண்ணி அனுப்பியது ஒரு நிஜ இராணுவம்.